மூச்சு வாங்கிய விமானம்

சோல்மூ விமானத் திடலில் காரை விட்டு இறங்கியதும் ஆரபி முதலில் தேடியது கோபுரத்தைத்தான்.

நீளமான ஓடுபாதை ஒன்று தெரிந்தது. அதன் ஓரத்தில் சிவப்புக் கொட்டகை. புல்வெளியில் ஆறு சின்ன விமானங்கள் வரிசையாக நின்றன. சுற்றிவரப் பைன் காடு. கோபுரத்தை மட்டும் காணவில்லை.

"சித்தி, டவர் எங்கை?"

"இஞ்சை டவர் இல்லை" என்றாள் தக்சிலா சித்தி, கார்ச் சாவியைக் கையில் எடுத்தபடி.

"அப்ப நீ இறங்கு, நீ பொறு எண்டு பிளேனுகளுக்கு ஆர் சொல்லுறது?"

"ஒருத்தரும் சொல்லுறேல்லை. நாங்களே எங்களுக்குள்ளை கதைச்சுக்கொள்ளுவம்."

அம்மா இந்திராதேவி காரிலிருந்து அப்போதுதான் ஒரு காலை வெளியே வைத்திருந்தார். அதைத் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என்ன? ஒருத்தரும் சொல்லுறேல்லையோ? தக்சிலா, நான் காருக்குள்ளையே இருக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ."

"அக்கா, நான் காரைப் பூட்டப்போறன். இறங்குங்கோ!" என்று சித்தி சிரித்தாள்.

தக்சிலா சித்தி ஒஸ்லோவில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்பவள். போன இலையுதிர் காலத்தில்தான் விமானம் ஓட்டும் உரிமம் எடுத்தாள். இன்று அவளுடைய பறக்கும் சங்கத்தின் திறந்த நாள். யாரும் வந்து விமானங்களைப் பார்க்கலாம், ஏறி உட்காரலாம், வாஃபல் சாப்பிடலாம். இன்று முதலில் அம்மாவையும் பிறகு ஆரபியையும் மேலே கொண்டுபோவதாகச் சித்தி வாக்குக் கொடுத்திருந்தாள். அப்பாவுக்குப் பஸ் ஓட்டும் வேலை. சனிக்கிழமையும் அவருக்கு லீவு இல்லை.

ஆரபிக்குப் பதினொரு வயது. அவள் நேற்று இரவு சரியாகத் தூங்கவே இல்லை.

தம்பி கிளின்ரனுக்கு ஐந்து வயது. அவன் காலையிலிருந்தே உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தான்.

"எனக்கும் பிளேன் ஓடவேணும்."

"உனக்கு அடுத்த வருசம், கண்ணா" என்றாள் சித்தி.

"அடுத்த வருசம் எப்ப வரும்? நாளைக்கோ?"

வாஃபல் மேசையருகே செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் நின்றார். அவர் பெயர் சிக்ரிட். அன்றைக்குத் திடலுக்குப் பொறுப்பு அவர்தான். அவர் ஆரபியின் கையில் ஒரு சின்ன ரேடியோவைக் கொடுத்தார்.

"இதில் விமானிகள் பேசுவது எல்லாம் கேட்கும்" என்று நோர்வே மொழியில் சொன்னார். "நீ கேட்கலாம். ஆனால் பக்கத்தில் இருக்கிற இந்தக் கறுப்புப் பொத்தானை அழுத்தாதே. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் மற்ற எல்லாருடைய வாயும் அடைபட்டுவிடும்."

ஆரபி இரண்டு கையாலும் ரேடியோவை வாங்கினாள்.

"ஆரபி, இருபதே நிமிசம். தம்பியைப் பாத்துக்கொள்" என்றார் அம்மா. "நான் திரும்பி வருவன்தானே, தக்சிலா?"

"வராமல் எங்கை போகப்போறியள்? மேலை கடை கண்ணி ஒண்டும் இல்லை."

வெள்ளை விமானம் உறுமிக்கொண்டு ஓடுபாதையை நோக்கி நகர்ந்தது. சன்னலுக்குள் அம்மா இருக்கைப் பட்டியை இறுகப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அந்த நொடியில் ஆரபியின் கையிலிருந்த ரேடியோ பேசியது.

"சோல்மூ! அல்ஃபா மைக், ஓடுபாதையில் நிற்கிறேன். கிளம்பி, கிழக்கே ஏரிப் பக்கம் போகிறேன். சோல்மூ!"

அது சித்தியின் குரல்! வீட்டில் கேட்கிற குரல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் வெட்டி வைத்த மாதிரி இருந்தது. ஆரபிக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. வெள்ளை விமானம் ஓடியது, எழும்பியது, பைன் மரங்களுக்கு மேலாகப் போய் மறைந்தது.

அதன் பிறகு ஒரு மஞ்சள் விமானம் பேசியது. பிறகு ஒரு சிவப்பு விமானம் பேசியது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, புல்வெளிக்கு வந்து நின்றன. ஆரபி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மூன்று பேர் பேசி முடிப்பதற்குள் அவளுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது.

முதலில் இடத்தின் பெயர். பிறகு 'நான் யார்'; சித்தியின் விமானத்துக்கு 'அல்ஃபா மைக்' என்று பெயர். பிறகு 'எங்கே இருக்கிறேன்'. பிறகு 'என்ன செய்யப்போகிறேன்'. கடைசியில் திரும்பவும் இடத்தின் பெயர். அவ்வளவுதான். வணக்கம் இல்லை, சுகமா இல்லை, வீட்டில் என்ன சமையல் என்ற விசாரணை இல்லை.

"தம்பி, பார்! சித்தியாக்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் கதைக்கினம்!"

கிளின்ரன் வாயில் வாஃபலை வைத்துக்கொண்டு, "ம்ம்" என்றான்.

அதற்குப்பின் அவள் தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு ரேடியோவில் புதிதாக ஒரு குரல் வந்தது. ஆரபி அதற்குள் மூழ்கிப் போனாள்.

"சோல்மூ! பிராவோ கிலோ, மேற்கே..."

"ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!"

ஆரபி திடுக்கிட்டு ரேடியோவைத் தூரப் பிடித்தாள். அந்தக் குரல் பாதியில் காணாமற்போயிருந்தது. ஒரே இரைச்சல்.

"ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!"

சிக்ரிட் வாஃபல் அகப்பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"யாரோ ஒருவரின் பொத்தான் அழுத்தியபடியே இறுகிவிட்டது" என்றார். "இது ஏதோ விமானத்தின் எஞ்சின் சத்தம். இப்போது ஒருவர் பேசுவதும் மற்றவருக்குக் கேட்காது."

"உங்களுடைய ரேடியோவில் சொல்ல முடியாதா?"

"என்னுடைய ரேடியோதான் உன் கையில் இருக்கிறது. வேறு எதில் பேசினாலும் இந்த இரைச்சலுக்குள் அமுங்கிப்போகும்." சிக்ரிட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உன் சித்தி எப்போது திரும்பி வருவார்?"

"இருபது நிமிடம் என்றார்." ஆரபி எண்ணிப் பார்த்தாள். "இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது."

சிக்ரிட் மேற்கே பார்த்தார். பிற்பகல் வெயில் கண்ணைக் குத்தியது.

"மேற்கேயிருந்து ஒரு விமானம் வருகிறது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ தெரியாது. விமானிகள் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டுவார்கள், ஆனால் இந்த வெயிலுக்குள்ளிருந்து வருவதை உன் சித்தியால் பார்க்க முடியாது." அவர் தன் செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்றினார். "நான் ஓடுபாதை முனைக்குப் போய் இதை ஆட்டுகிறேன். நீ இங்கேயே நில்!"

அவர் ஓடத் தொடங்கினார். ஓடுபாதை முனை வெகுதூரத்தில் இருந்தது.

ஆரபி கிழக்கே வானத்தைப் பார்த்தாள். அம்மா அந்த வெள்ளை விமானத்துக்குள்தான் இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்.

அவள் ரேடியோவைக் காதில் வைத்தாள்.

"ர்ர்ர்ர்ர்ர்ர்ர்... ஹா... ர்ர்ர்ர்ர்ர்!"

ஆரபி கண்ணைச் சுருக்கினாள். அது என்ன, நடுவில் ஒரு 'ஹா'? இன்னொரு தடவை கேட்டாள்.

"ர்ர்ர்ர்ர்ர்... ஹா... ர்ர்ர்ர்!"

எஞ்சின் மூச்சு வாங்குமா?

அதே நேரம் புல்வெளி வேலியில் கட்டியிருந்த ஒரு பழுப்பு நாய், பறந்துபோன காகத்தைப் பார்த்து, "வவ்!" என்று குரைத்தது.

"வவ்!" என்றது ரேடியோவும்.

ஆரபிக்கு மூளைக்குள் மின்னல் அடித்தது. ஆகாயத்தில் நாய் இல்லை. அந்தப் பொத்தான் ஆகாயத்தில் இல்லை! இங்கேதான், இந்தப் புல்வெளியில்தான் இருக்கிறது. அது விமானமும் இல்லை. யாரோ வாயால் விமானம் ஓட்டுகிறார்கள்!

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் கதிரை வெறுமையாக இருந்தது. மேலே பாதி கடித்த வாஃபல் ஒன்று கிடந்தது.

"ஐயோ, கிளின்ரன்!"

ஆரபி ஓடினாள். புல்வெளியில் இப்போது ஏழு விமானங்கள் நின்றன. எதற்குள் இருக்கிறான்? ஒவ்வொன்றாக ஏறிப் பார்க்க நேரமில்லை. அவள் முதலாவது விமானத்துக்குப் பக்கத்தில் நின்று ஓங்கிக் கை தட்டினாள். ரேடியோவில் இரைச்சல் மட்டும்தான் வந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவது, நான்காவது... ஒன்றும் இல்லை.

ஐந்தாவது விமானத்துக்குப் பக்கத்தில் கை தட்டினாள்.

'டப்!' என்று அவளுடைய கைதட்டல் ரேடியோவுக்குள்ளிருந்து திரும்பி வந்தது. கூடவே காதைக் கிழிக்கிற ஒரு 'கீய்ய்ங்'!

ஆரபி இறக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாவி ஏறினாள். சன்னலுக்குள் பார்த்தாள்.

உள்ளே கிளின்ரன் ராசா மாதிரி உட்கார்ந்திருந்தான். தலையில் பூசணிக்காய் அளவு ஹெட்போன். வாய்க்கு முன்னால் மைக். இரண்டு கையாலும் திருப்பும் பிடியை இறுகப் பிடித்திருந்தான். அதிலிருந்த சிவப்புப் பொத்தான் அவனுடைய பெருவிரலுக்கு அடியில் இருந்தது. முன்னால் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக யாரோ போட்டுவிட்டு, அணைக்க மறந்திருக்கிறார்கள்.

ஆரபி கதவை இழுத்தாள். அது உள்ளே பூட்டியிருந்தது.

"கிளின்ரன்! கதவைத் திற! கையை எடு!"

கிளின்ரன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அக்காவின் சிவந்த முகத்தைப் பார்த்தான். அவன் கண் பெரிதாகியது. தான் ஏதோ பெரிய பிழை செய்துவிட்டோம் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. கீழுதடு நடுங்கியது. பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பெருவிரலும் பொத்தானில் இன்னும் அழுந்தியது.

கிழக்கே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தது. சித்தி வருகிறாள்.

கத்தவேண்டும்போல ஆரபிக்கு நாக்குத் துடித்தது. சன்னலை உடைக்கவேண்டும்போலவும் இருந்தது. ஆனால் தம்பியை அவளுக்குத் தெரியும். கத்தினால் அவன் நத்தை மாதிரிச் சுருண்டுவிடுவான். பிறகு ஒரு மணி நேரத்துக்கு அவனை அசைக்க முடியாது.

அவள் ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். முகத்தைச் சிரிக்க வைத்தாள். நெற்றியில் கையை வைத்து ஒரு சலாம் போட்டாள்.

"கப்டன் கிளின்ரன்! பிளேன் நல்லா ஓடுதோ?"

கிளின்ரன் மூக்கை உறிஞ்சினான். மெல்லத் தலையை ஆட்டினான். ஓடுகிறதாம்.

"அம்மாவும் சித்தியும் மேலை உங்களோடை கதைக்கப் பாக்கினம். உங்கடை காதுக்கை கேக்கேல்லையோ?"

'இல்லை' என்று தலை ஆடியது.

"அந்தச் சிவப்புப் பொத்தானை அமத்தினால் கேக்காது, கப்டன். விரலை எடுத்தால்தான் அம்மான்ரை குரல் காதுக்கை வரும். எடுத்துப் பாருங்கோ!"

"அம்மாவோ?"

கிளின்ரன் விரலை எடுத்தான்.

இரைச்சல் நின்றது. உலகமே திடீரென்று அமைதியானது போல இருந்தது.

மறுநொடி ரேடியோ 'கீய்ய்ய்ய்' என்று அலறியது. ஆரபிக்கு விளங்கியது: இவ்வளவு நேரமும் காத்திருந்த இரண்டு விமானிகளும் ஒரே நேரத்தில் பேசிவிட்டார்கள். இரண்டு குரலும் ஒன்றோடொன்று மோதி, ஒரு சொல்லும் கேட்கவில்லை. பிறகு இரண்டு பேரும் மற்றவர் பேசட்டும் என்று பேசாமல் இருந்தார்கள்.

ஆரபி வானத்தைப் பார்த்தாள். விமானத்தின் மேல் நின்றதால் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. கிழக்கேயிருந்து வெள்ளை விமானம் ஓடுபாதையின் தெற்கு முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மேற்கே, வெயிலுக்குள்ளிருந்து, ஒரு நீல விமானம் வேகமாக வந்துகொண்டிருந்தது. அதுவும் அதே முனைக்குத்தான் வந்தது! சிக்ரிட் இன்னும் பாதி வழியில் ஓடிக்கொண்டிருந்தார்.

கறுப்புப் பொத்தானை அழுத்தாதே என்று சிக்ரிட் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இரண்டு விமானங்களையும் ஒன்றாகப் பார்க்கிறவள் இப்போது அவள் ஒருத்திதான்.

ஆரபி பொத்தானை அழுத்தினாள்.

"சோல்மூ! தரையில் ஆரபி." அவளுடைய நோர்வே மொழி ஒரு சொல்லும் தடுக்காமல் வந்தது. "இரண்டு விமானங்கள் தெற்கு முனைக்கு வருகின்றன. வெள்ளை கிழக்கேயிருந்து, நீலம் மேற்கேயிருந்து. சோல்மூ!"

விரலை எடுத்தாள்.

ஒரு நொடி. இரண்டு நொடி.

"சோல்மூ! பிராவோ கிலோ." அது ஓர் ஆணின் தடித்த குரல். "வெள்ளை விமானம் இப்போது தெரிகிறது. நான் மேலே ஏறி விலகுகிறேன். வெள்ளை முதலில் இறங்கட்டும். சோல்மூ!"

நீல விமானம் மூக்கைத் தூக்கியது. எஞ்சின் முழங்க, ஓடுபாதைக்கு மேலே போய், பெரிய வட்டமாகத் திரும்பியது.

"சோல்மூ! அல்ஃபா மைக், தெற்கிலிருந்து இறங்குகிறேன்" என்றது சித்தியின் குரல். அதற்குப் பின்னால் இன்னொரு குரல் தமிழில் கேட்டது. "எடியே தக்சிலா, அது எங்கடை ஆரபியெல்லோ கதைச்சது!" சித்தி அவசரமாக, "சோல்மூ!" என்று சொல்லி முடித்தாள்.

உள்ளே கிளின்ரன் கைதட்டிக் குதித்தான்.

"அக்கா! அம்மா என்ரை காதுக்குள்ளை கதைச்சவ!"

வெள்ளை விமானம் இறங்கி ஓடி, புல்வெளிக்கு வந்து நின்றது. அடுத்து நீல விமானமும் இறங்கியது. அதற்குள் ஆரபி, எந்தப் பிடியை எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று கையால் காட்டிக் காட்டி, தம்பியைக் கொண்டே கதவைத் திறப்பித்துவிட்டாள்.

சிக்ரிட் மேலங்கியைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தார். அம்மாவும் சித்தியும் மறுபக்கத்தால் ஓடிவந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் "என்ன நடந்தது?" என்று கேட்டார்கள்.

ஆரபி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு தம்பியைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அவன் இதற்குள் ஏறி, பொத்தானை அழுத்திவிட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிழை என்னுடையது." பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னாள். "நீங்கள் அழுத்தவேண்டாம் என்ற பொத்தானையும் அழுத்தினேன்."

சிக்ரிட் குனிந்து விமானத்துக்குள் பார்த்தார். எரிந்துகொண்டிருந்த விளக்குகளைப் பார்த்தார். கையை நீட்டி, ஓர் ஆளியை 'டக்' என்று அணைத்தார்.

"இதை அணைக்காமல் விட்டது சின்னப் பிள்ளைகள் இல்லை" என்றார். "பெரியவர்கள் நாங்கள். பிழையைப் பங்கு போட்டால் பெரிய துண்டு எங்களுக்குத்தான்." பிறகு ஆரபியைப் பார்த்துச் சிரித்தார். "நான் ஓடிய வழியில் நின்ற மஞ்சள் விமானத்தின் ரேடியோவில் நீ பேசியது கேட்டது. எங்கள் சங்கத்தில் இருபது வருடமாகப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாகப் பேச அவர்களுக்கு இன்னும் வரவில்லை."

அப்போது நீல விமானத்திலிருந்து இறங்கிய விமானி புல்வெளியைத் தாண்டி வந்தார். நல்ல உயரம், வெள்ளைத் தாடி. அங்குமிங்கும் பார்த்தார்.

"தரை ஆரபி என்பவர் எங்கே? அவருக்கு நான் நன்றி சொல்லவேண்டும்."

எல்லாருடைய விரலும் கீழே காட்டியது. தாடிக்காரர் குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். ஆரபியின் கண்ணும் அவர் கண்ணும் நேருக்கு நேர் வந்ததும், கையை நீட்டி, பெரிய ஆட்களுக்குக் கொடுப்பதுபோல மரியாதையாகக் குலுக்கினார்.

"நான் சீருடை போட்ட ஒருவரைத் தேடினேன்" என்றார்.

அம்மா ஆரபியை இழுத்து அணைத்துக்கொண்டார். அவர் தலைமயிர் எல்லாம் குலைந்திருந்தது. ஆனால் முகம் பளபளத்தது.

"பிள்ளை, மேலை எவ்வளவு வடிவு தெரியுமே! ஏரி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. கடல் உள்ளுக்கை வாற ஒஸ்லோ பியோர்டுகூடத் தெரிஞ்சது."

"நீங்கள் கண்ணை மூடிக்கொண்டெல்லோ போனனீங்கள்?"

"அது முதல் ரெண்டு நிமிசம்." அம்மா சித்தியைப் பார்த்தார். "தக்சிலா, நான் இன்னொருக்கா வரட்டோ?"

"அம்மா! இப்ப என்ரை முறை!"

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஆரபி வெள்ளை விமானத்துக்குள், சித்திக்குப் பக்கத்தில், பட்டியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே கிளின்ரன் ஒரு கையில் புது வாஃபலும் மறுகையில் அம்மாவுமாக நின்றான். அம்மா அவனை விட்டால்தானே!

எஞ்சின் முழங்கியது. சித்தி பேசவேண்டியதைப் பேசினாள். ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் முதலில் ஒவ்வொன்றாகவும், பிறகு ஒரே கோடாகவும் ஓடின. சில்லுகளின் தடதடப்பு சட்டென்று நின்றது. பைன் மரங்கள் காலுக்கடியில் போயின. சிவப்புக் கொட்டகை தீப்பெட்டி அளவானது. கிளின்ரன் ஓர் எறும்பானான். அந்த எறும்பு கை காட்டியது.

"பயமாக் கிடக்கோ?" என்று சித்தி கேட்டாள்.

"இல்லை!" என்று ஆரபி கத்தினாள். அவளுக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை. "சித்தி, இன்னும் மேலை! இன்னும் மேலை!"

சித்தி விமானத்தின் மூக்கை மெல்ல உயர்த்தினாள். முன்னால் நீலவானம் விரிந்து கிடந்தது. அங்கே எல்லாருக்கும் தாராளமாக இடம் இருந்தது.